கடல் கடந்த உறவும் களப்பணி ஏடுகளும்: சமூகப்பணி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சமூகப்பணிக் கல்வியைத் தம் வாழ்வின் தொழிலாக ஏற்று, சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் திருச்சியிலும், பாக்கு நீரிணைக்கு அப்பால் இலங்கையிலும் கற்பித்துவரும் ஆசிரியப் பெருமக்களே,

உங்களோடு நேரில் அமர்ந்து பேசவேண்டிய விஷயத்தை மடலாக எழுதுவதற்குக் காரணம், இது ஒரு துறைக்கோ ஒரு கல்லூரிக்கோ மட்டும் உரிய குறை அன்று என்பதும், தனித்தனியே சொன்னால் ஒவ்வொருவரும் அதனைப் பிறர்மேல் ஏற்றிவிட்டு அமைதியடைய இடமுண்டு என்பதுமே. உங்களுள் பலர் சர்வதேச மாநாடுகளுக்குச் சென்று கட்டுரை வாசித்து வந்திருக்கிறீர்கள். உங்கள் கல்லூரிகள் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் செய்திருக்கின்றன. அங்கிருந்து பேராசிரியர்கள் வந்து உங்கள் கருத்தரங்குகளில் உரையாற்றுகிறார்கள். அவர்களுடைய மாணவர்கள் சில வாரம் தங்கி நம் கிராமங்களைப் பார்த்துச் செல்கிறார்கள். இவையெல்லாம் நல்லவையே. ஆயினும் இத்தனை ஆண்டுப் போக்குவரத்தினால் நாகப்பட்டினத்து மீனவப் பெண்ணுக்கோ, கூடலூர்த் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளிக்கோ, அவர்களிடம் களப்பணிக்காக அனுப்பப்படும் உங்கள் மாணவனுக்கோ என்ன வந்து சேர்ந்தது என்று யாரேனும் கேட்டால், நேராக நிமிர்ந்து பதில் சொல்ல நம்மால் இயலவில்லை. அந்த இயலாமையைப் பற்றியே உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இவ்வுறவு எதற்காகத் தொடங்கிற்று என்பது நம் நினைவிலிருந்து நழுவிவிட்டதோ என்று அஞ்சுகிறேன். 1928-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கூடிய சர்வதேச சமூகப்பணி மாநாட்டில், பல நாடுகளின் பயிற்சிப் பள்ளிகள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளவேண்டும் என்ற எண்ணம் உருக்கொண்டு, அடுத்த ஆண்டே அது ஒரு சர்வதேசக் குழுவாக அமைந்தபோது, அதன் தலைமையை ஏற்றவர் பெர்லினில் 1908-ல் பெண்களுக்கான சமூகப்பணிப் பள்ளியை நிறுவிய ஆலிஸ் சாலமன் அம்மையார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்புவரை ஒருவர் பிள்ளைகளை மற்றவர் போர்க்களத்தில் கொன்று குவித்த தேசங்களின் ஆசிரியர்கள், போர் விட்டுச்சென்ற வறுமையையும் நிராதரவையும் எதிர்கொள்ளத் தம் மாணவர்களை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்று ஒருவரிடம் ஒருவர் கேட்டறிய முற்பட்டார்கள் என்றால், அதன் பின்னே இருந்த மனவலிமையை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அந்த அம்மையாரை, யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்ற காரணத்தினால், 1937-ல் நாஜி அரசு ஜெர்மனியைவிட்டு வெளியேற்றியது; தாம் கட்டிய பள்ளியையும் நகரத்தையும் இழந்து 1948-ல் அவர் நியூயார்க்கில் காலமானார். பதவி உயர்வுக்குரிய மதிப்பெண்ணுக்காகவோ, கல்லூரி விளம்பரத்தில் அச்சிடும் புகைப்படத்திற்காகவோ அன்று, மானிட துக்கத்திற்குத் தேச எல்லை கிடையாது என்ற திடமான நம்பிக்கையினால் அமைந்த உறவு அது. இன்று நம் கையில் இருக்கும் சர்வதேச சமூகப்பணிப் பள்ளிகள் சங்கம் அந்தக் குழுவின் வழித்தோன்றலே.

நம் நாட்டுக்கு இக்கல்வி வந்த வரலாற்றை நீங்கள் ஆண்டுதோறும் முதற்பாடமாகப் போதிக்கிறீர்கள். பம்பாயின் நாக்பாடாவில் 1926-ல் அக்கம்பக்கத்து ஏழை மக்களுக்கான ஒரு சேவை இல்லத்தைத் தொடங்கிய கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார், 1936-ல் டாட்டா அறக்கட்டளையின் ஆதரவில் அங்கேயே நாட்டின் முதல் சமூகப்பணிப் பள்ளியைத் தோற்றுவித்தார் என்பது உங்கள் மாணவர் அனைவரும் அறிந்ததே. ஆனால் ஐந்தாண்டு கழித்து, 1941-ல், தென்னாப்பிரிக்காவின் ஜொஹானஸ்பர்க் நகரில் ரே பிலிப்ஸ் என்ற இன்னோர் அமெரிக்கப் பாதிரியார் கறுப்பின மக்களுக்கென ஹாஃப்மெயர் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார் என்பதையும், வின்னி மண்டேலாவும், பின்னாளில் ஜிம்பாப்வே விடுதலை இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஜோஷுவா நிகோமோவும் அதில் பயின்றவர்கள் என்பதையும் எந்த வகுப்பில் சொல்லுகிறோம்? பம்பாயின் பருத்தி ஆலைகளை நாடிக் கொங்கணத்திலிருந்து வந்து ஒற்றையறைக் குடியிருப்புகளில் நெருங்கி வாழ்ந்த தொழிலாளரின் கஷ்டமும், ஜொஹானஸ்பர்க்கின் தங்கச் சுரங்கங்களுக்காக மனைவி மக்களை ஊரில் விட்டுவந்து விடுதிக் கொட்டடிகளில் அடைபட்ட தொழிலாளரின் கஷ்டமும் உடன்பிறந்தவை. இவ்விரண்டு பள்ளிகளின் ஆசிரியர்களும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்தால், ஆலை, சுரங்கத் தொழிலாளரின் குடும்பத்தைப் பற்றி உலகம் படித்தறியவேண்டிய ஒரு பெரிய சாஸ்திரமே இந்த இரு நகரங்களுக்கிடையே பிறந்திருக்கக் கூடும். ஆனால் இருவரும் அமெரிக்காவை நோக்கியே முகம் திருப்பி நின்றார்கள். கப்பல் போன பாதையில் புத்தகமும் போயிற்று.

இந்நிலைமை நம் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு அண்மையானது என்பதற்கு இன்னொன்று சொல்லுவேன். மான்ஷார்டுக்குப் பின் பம்பாய்ப் பள்ளியின் தலைமையை ஏற்றவர் ஜே. எம். குமரப்பா; தஞ்சாவூரில் பிறந்து, 1934-ல் அமைந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை முன்னின்று நடத்திய, காந்தியப் பொருளாதாரத்தின் தலைசிறந்த சிந்தனையாளரான ஜே. சி. குமரப்பாவின் சகோதரர் அவர். ஒரே குடும்பத்துப் பிள்ளைகளுள் ஒருவர் மேலைநாட்டுச் சமூகப்பணிக் கல்வியை இந்நாட்டில் வேரூன்றச் செய்தார்; மற்றொருவர் இந்நாட்டுக் கிராமத்தின் வாழ்க்கையிலிருந்தே அதன் அபிவிருத்திக்குரிய நெறியை வகுத்தார். அண்ணன் தம்பியரின் இவ்விரண்டு நெறிகளும் நம் பாடத்திட்டத்தில் இன்றளவும் கலந்து பேசவில்லை. மேரி ரிச்மண்டின் 1917-ஆம் ஆண்டு நூலின் பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் நம் முதுகலை மாணவனிடம் ஜே. சி. குமரப்பாவைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள்; அவன் விழிப்பான். பிழை அவனுடையது அன்று.

1952-ஆம் ஆண்டு டிசம்பரில் சர்வதேச சமூகப்பணி மாநாடு சென்னையிலேயே கூடிற்று. அவ்வாண்டிலேயே மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சென்னை சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார். அவ்வாண்டிலேயே கொழும்பிலும் சமூகப்பணிப் பயிற்சி நிலையம் தோன்றியது. ஒரே ஆண்டில் தோன்றிய இவ்விரு ஸ்தாபனங்களுக்கும் இடையே ஒரு குறுகிய கடலும், அக்கடலின் இருபுறமும் ஒரே மொழி பேசும் மக்களும் இருந்தும், ஒன்றின் அனுபவம் மற்றொன்றின் வகுப்பறைக்குள் நுழைவதற்கு ஒரு நிலையான வழியை நாம் இன்றுவரை அமைக்கவில்லை என்பது என் நெஞ்சில் நெடுங்காலமாக உறுத்தும் விஷயம்.

மேலைநாட்டு ஆசிரியர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதை மறுக்க எனக்கு எண்ணமில்லை. ஐக்கிய நாடுகள் சபைக்காக 1950-ல் உலகச் சமூகப்பணிப் பயிற்சியைப் பற்றிய முதற்பெரும் ஆய்வைத் தயாரித்த கேதரின் கெண்டலையும், இங்கிலாந்தின் ஐலீன் யங்ஹஸ்பண்டையும் போன்றோர், ஆசியாவின் இளம் பள்ளிகளைத் தாய்மையுணர்வோடு நோக்கினார்கள். 1970-களில் அமெரிக்க அரசின் உதவிநிதியைக்கொண்டு குடும்பநலக் கல்வியைச் சமூகப்பணிப் பாடத்தில் சேர்க்கும் திட்டத்தைச் சர்வதேசச் சங்கம் ஆசியப் பள்ளிகளில் நடத்தியபோது, அந்தந்த நாட்டிலேயே பாடநூல்களை எழுதச் செய்யும் நன்முயற்சியும் அதில் இருந்தது. ஆனால் எழுதப்படவேண்டிய பொருள் எது என்பதை நிதி அளித்தவர் தீர்மானித்தார். அக்காலத்தில் நம் கிராமங்களில் நிலமின்மையும் கடனும் தீண்டாமையும் குடும்பத்தின் அளவைவிடப் பெரிய வேதனைகளாக இருந்தபோதிலும், அவற்றைப் பற்றி அத்தகைய சிரத்தையோடு எழுதும்படி நம்மை யாரும் கேட்கவில்லை. கேட்கப்படாததை எழுதும் பழக்கமும் நமக்கு உண்டாகவில்லை.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். வாரத்தில் இரண்டு நாள் உங்கள் மாணவர்கள் களப்பணிக்குச் செல்லுகிறார்கள். சென்னைக் கண்ணகி நகரைப் போன்ற ஒரு மறுகுடியமர்வுப் பகுதியில், குடியினால் சீரழிந்த கணவனைப் பற்றி ஒரு பெண், மாடிப்படியில் அமர்ந்து, மாமியாரும் பக்கத்து வீட்டாரும் இடையிடையே தம் சாட்சியத்தையும் சேர்த்துச் சொல்ல, பழமொழியும் வசவும் அழுகையும் கலந்த தமிழில் தன் கதையைச் சொல்லுகிறாள். அதைக் கேட்டு மனம் கலங்கித் திரும்பிய மாணவி, அன்றிரவு விடுதியில் அமர்ந்து, தனக்கே முழுதும் வசப்படாத ஆங்கிலத்தில் அதனை அறிக்கையாக எழுதுகிறாள். அந்தப் பெண்ணின் குரல் அங்கேயே பாதி இறந்துவிடுகிறது. மறுவாரம் அறிக்கையைப் படிக்கும் மேற்பார்வையாளர், பெரும்பாலும் வேலைப்பளுவினால் களைத்தவர், சிவப்பு மையினால் இலக்கணப் பிழைகளைத் திருத்தி, ஓரத்தில் கையொப்பமிட்டுத் தருகிறார். எஞ்சிய பாதியும் அங்கே மறைகிறது. வாய்மொழித் தேர்வு முடிந்தபின், இரண்டு ஆண்டுகளின் உழைப்பான அந்த ஏடுகள் துறை அலமாரியில் சில காலம் தூசி படிந்து கிடந்து, இடம் போதாத ஒரு நாளில் பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போகின்றன.

அவ்வேடுகளில் என்ன இருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். பாடநூலில் உள்ள தனிநபர் சமூகப்பணி, கதவு சாத்திய ஓர் அறையையும் எதிரெதிரே இரண்டு நாற்காலிகளையும் முன்னிட்டு எழுதப்பட்டது. கதவில்லாத வீட்டில், ஊரே சூழ்ந்திருக்க நடைபெறும் உரையாடலில், பக்கத்து வீட்டுக் கிழவியின் குறுக்கீடு இடையூறாக இல்லாமல் பரிகாரத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுவதை உங்கள் மாணவி தானே கண்டுபிடித்திருப்பாள். சுயஉதவிக் குழுவின் தவணை கட்டும் நாளில், பணம் திரட்ட முடியாத ஒருத்தியின் மானத்தை மற்றவர்கள் கைமாற்றுக் கொடுத்துக் காப்பதையும், அக்கைமாற்றே நாளடைவில் வேறொரு கடன் சங்கிலியாக வளர்வதையும் உங்கள் மாணவன் வாரந்தோறும் பார்த்து எழுதியிருப்பான். சிறுகடன் திட்டங்கள் பரவியிருக்கும் வங்காளதேசத்திலும் கென்யாவிலும் சமூகப்பணி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு அந்த அறிக்கையைவிடப் பிரயோஜனமான வாசகம் வேறு என்ன இருக்க முடியும்? அவர்களுடைய மாணவர்களும் இதையொத்தவற்றை எழுதியிருப்பார்கள்; அவையும் அங்குள்ள அலமாரிகளில் கிடக்கும். நெல் குவிந்த களஞ்சியத்தைப் பூட்டிவைத்துவிட்டுப் பிறர் வாசலில் படிநெல் கேட்டு நிற்பதற்கு ஒப்பாக, நம் கல்வி இத்தனை காலம் நடந்துவந்திருக்கிறது.

இதன் விலை என்ன என்பதை 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 நமக்குக் காட்டியது. அன்றைய ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் பலிகொண்டது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் மடிந்தார்கள். உங்கள் மாணவர்கள் நாகைக்கும் கடலூருக்கும் கன்னியாகுமரிக்கும் விரைந்தார்கள். பிணங்களை அடையாளம் காண உதவினார்கள். தற்காலிகக் குடியிருப்புகளில் கணக்கெடுத்தார்கள். பிள்ளைகளை இழந்த தாய்மாரின் அருகில், சொல்லுவதற்குச் சொல் இல்லாமல், அமர்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் மனக்காயத்தை ஆற்றுவதற்கான கையேடுகள் நமக்கு எங்கிருந்தோ வந்தன; வேறு மொழியில், வேறு துக்க வழக்கம் உடைய சமூகங்களுக்காக எழுதப்பட்டவை அவை. ஒப்பாரி பாடத் தெரிந்த ஒரு பெண்ணிடம் தன் உணர்ச்சியைப் படமாக வரைந்து காட்டும்படி கேட்கவேண்டிய நிலை நம் மாணவர்களுக்கு உண்டாயிற்று.

அதே சமயத்தில் இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணத்தில் என்ன இருந்தது என்பதைக் கேளுங்கள். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு உழைத்தவர்களும், இருபது ஆண்டுக் காலப் போரின் நடுவே, குண்டுவீச்சிலும் இடப்பெயர்விலும் காணாமற்போதலிலும் மனம் உடைந்தவர்களை அணுகும் முறையைச் சமூக ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தமிழிலேயே கற்பித்து வந்தார்கள்; உடல் கிடைக்காத மரணத்திற்கு எவ்வாறு துக்கம் கொண்டாடுவது, சடங்குக்கு மனத்தை ஆற்றும் சக்தி எவ்வளவு, அழ மறுக்கும் குழந்தையை எப்படி அணுகுவது என்பன அவர்கள் அனுபவத்தினால் உணர்ந்த பாடங்கள். போரினால் ஈழத் தமிழர் அடைந்த மனவடுக்களைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1998-லேயே வெளிவந்துவிட்டது. நாகப்பட்டினத்து மீனவருக்கு வேண்டிய ஞானம், அவர்கள் பேசும் மொழியிலேயே, படகில் கடக்கக்கூடிய தொலைவில் இருந்தது. நம் மாணவர்களுள் மிகச் சிலரே அதனை அறிந்திருந்தார்கள். போரும் அரசியலும் அந்தக் கடலை அடைத்திருந்தன என்று நீங்கள் சொல்லலாம், அது உண்மையே. ஆனால் ஏடுகளை அவை அடைத்ததில்லை. கல்லூரிகளுக்கிடையே முன்னமே ஒரு பழக்கம் இருந்திருந்தால், அந்த டிசம்பரின் இறுதி வாரத்தில் ஒரு கடிதம் போதுமானதாக இருந்திருக்கும்.

கூடலூரையும் கோத்தகிரியையும் பற்றியும் ஒரு வார்த்தை. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டின்படி, இலங்கை மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களுள் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும், அவர்களிடம் கேளாமலே இரு அரசுகளும் எண்ணிக்கை பிரித்துக்கொண்டன. தாய் அங்கும் மகள் இங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. திரும்பியவர்களுள் பலருக்கு நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை தரப்பட்டது. இன்றும் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளுக்குச் செல்லும் இலங்கை மாணவனும், கூடலூரில் தாயகம் திரும்பியோரின் குடியிருப்புக்குச் செல்லும் தமிழ்நாட்டு மாணவியும், ஒரே குடும்பத்தின் இரு கிளைகளையே சந்திக்கிறார்கள். அவர்கள் எழுதும் அறிக்கைகள் ஒருமுறையேனும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கப்பட்டதுண்டா? குடியுரிமைச் சான்று, ஜாதிச் சான்று, வேலை, வீடு என்று இரு கரைகளிலும் அம்மக்கள் ஏறி இறங்கும் அலுவலகப் படிகளைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு சமூகப்பணி ஆசிரியர், இரண்டு அரசுகளுக்கும் சொல்லக்கூடிய உண்மைகள் எத்தனை!

தூர தேசத்திலும் நமக்கு உறவினர் உண்டு. லத்தீன் அமெரிக்காவின் ஆசிரியர்கள், 1925-ல் சிலி நாட்டின் சான்டியாகோவில் அக்கண்டத்தின் முதல் பள்ளி தோன்றிய நாள்முதல் அயல்நாட்டு மாதிரிகளைப் பின்பற்றி வந்தபின், 1960-களின் நடுவில், அந்த மாதிரிகள் தம் விவசாயிகளுக்கும் சேரி மக்களுக்கும் பொருந்தவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தம் கல்வியையே மறுபடி சிந்திக்கும் ஒரு பேரியக்கத்தைத் தொடங்கினார்கள். பிரேசிலின் பாவ்லோ ஃபிரையரின் சிந்தனை அவர்களுக்கு உற்ற துணையாயிற்று. 1973-ல் சிலியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின், அவ்வியக்கத்தைச் சார்ந்த ஆசிரியர்களும் மாணவர்களும் சிறைப்பட்டார்கள்; சிலர் திரும்பி வரவேயில்லை. தாம் கற்பித்ததற்காக உயிரைக் கொடுத்த சக ஆசிரியர்களின் வரலாற்றை நம் மாணவர்கள் அறியாமல் பட்டம் பெறுவது நியாயமா?

கதவு இன்று அடைபட்டிருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2014-ல் மெல்போர்ன் நகரில் உலகச் சங்கங்கள் ஏற்றுக்கொண்ட சமூகப்பணி விளக்கம், சமூக அபிவிருத்தியை இத்தொழிலின் நோக்கங்களுள் ஒன்றாக வைத்ததோடு, அந்தந்த மண்ணில் விளைந்த அறிவுக்கும் அதில் இடமுண்டு என்று ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு பிரதேசமும் தன் நிலைமைக்கேற்ப அதனை விரித்துரைக்கலாம் என்ற அனுமதியையும் அளித்தது. இது ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் இருந்த பல ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடிப் பெற்ற உரிமை. உலகம் இப்பொழுது நம்மை நோக்கி, உங்கள் மண்ணின் அறிவு எது, எடுத்து வாருங்கள் என்று கேட்கிறது. நாமோ அவர்களுடைய நூல்களிலிருந்தே மேற்கோள் காட்டிக் கட்டுரை எழுதிக்கொண்டு போகிறோம். உரிமை கிடைத்தபின் அதனைப் பயன்படுத்தாமல் இருப்பதற்கு நாம் எவரையும் குறைகூற இயலாது.

உங்கள் தடைகளை நான் அறியாதவன் அல்லன். தரமதிப்பீட்டுக் குழு ஒப்பந்தங்களை எண்ணுகிறது, அறிக்கைகளைப் படிப்பதில்லை. ஆய்வுச் சஞ்சிகையில் வரும் கட்டுரைக்கே மதிப்பெண் உண்டு. தமிழில் எழுதிய களக் குறிப்புக்கு இல்லை. தொகுப்பூதியத்தில் வாழும் இளம் ஆசிரியர் ஒருவரிடம், ஊதியமில்லாத இன்னொரு பொறுப்பைச் சுமக்கும்படி கேட்பது எளிதன்று. சமூகப்பணிக் கல்வியை முறைப்படுத்த ஒரு சட்டபூர்வமான தேசியக் கவுன்சில் இந்நாட்டில் அமையாததனால், இவற்றையெல்லாம் முறையிடுவதற்கும் ஓர் இடம் இல்லை. இவையாவும் மாறவேண்டியவை, மாற்றும்படி நாம் சேர்ந்து குரல் கொடுக்கவேண்டியவை. ஆனால் அவை மாறும்வரை காத்திருப்பது என்று முடிவுசெய்தால், இன்னொரு தலைமுறை மாணவர்களின் ஏடுகளும் எடைக்குப் போகும்.

இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு. அதனை நான் மிகுந்த மரியாதையோடு ஏற்கிறேன். ஒரு பெண் நம்பிக்கையோடு சொன்னதை வேறோர் ஊருக்கும் வேறொரு நாட்டுக்கும் அனுப்புவது துரோகமாகாதா என்பதே அது. ஆகும், சரியான கவனம் இல்லாவிட்டால். பெயரையும் ஊரையும் தெருவையும் மறைப்பது மட்டும் போதாது. சிறிய ஊரில் தொழிலைச் சொன்னாலே ஆளை அறிந்துவிடுவார்கள். ஆகையால் எந்தப் பகுதியை எழுதலாம், எதனை விடவேண்டும் என்பதை அம்மக்களிடமே படித்துக்காட்டிச் சம்மதம் பெற்றுச் செய்யவேண்டும். அவர்கள் பேசும் தமிழில் எழுதினால்தானே அவர்களுக்குப் படித்துக்காட்ட முடியும்! தம்மைப் பற்றி எழுதப்பட்டதைத் தாமே கேட்டுத் திருத்தும் உரிமையை நம் மக்கள் இதுவரை பெற்றதில்லை. இந்த முயற்சியினால் வேறொன்றும் விளையாவிட்டாலும் அந்த ஓர் உரிமை அவர்களுக்குக் கிடைக்குமானால், அதுவே ஒரு பெரிய சீர்திருத்தம் என்பது என் துணிபு.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். உங்கள் துறையின் அலமாரியைத் திறந்து, கடந்த சில ஆண்டுகளின் களப்பணி ஏடுகளுள் பத்தினைத் தேர்ந்தெடுங்கள். மதிப்பெண் அதிகம் பெற்றவற்றை நாடாதீர்கள். மாணவர் திகைத்து நின்ற இடங்களும், பாடநூல் கைவிட்ட இடங்களும் மறைக்காமல் எழுதப்பட்டவற்றைத் தேடுங்கள். அவற்றை எழுதிய மாணவர்களை, அவர்கள் இப்பொழுது எங்கே பணியாற்றினாலும், மறுபடி அழைத்து, ஆங்கிலத்தில் எழுதியதைத் தாம் கேட்ட தமிழிலேயே திரும்ப எழுதித் தரும்படி கேளுங்கள், அடையாளங்களை நீக்குங்கள், உரியவர்களிடம் படித்துக்காட்டுங்கள். முதற்படியை இக்கரையிலிருந்து இலங்கைத் துறை ஒன்றுக்கும், அக்கரையிலிருந்து தமிழ்நாட்டுத் துறை ஒன்றுக்கும் அனுப்புங்கள். அங்குள்ள ஆசிரியர், தம் மாணவர்களோடு அதனைப் படித்து, தம் களத்தில் அதற்கு ஒத்ததையும் மாறானதையும் குறித்துத் திருப்பி எழுதட்டும். அவ்வாறு இரு கரைகளிலும் தேறிய ஏடுகளை மட்டும் பிறகு ஆங்கிலத்திலும், இயன்றால் ஸ்பானிய மொழியிலும் பெயர்த்து, ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் நம்மையொத்த களங்களில் உழைக்கும் துறைகளுக்கு அனுப்புங்கள். அவர்களுடைய ஏடுகளைக் கேட்டு வாங்குங்கள். தமிழில் பெயர்த்து உங்கள் வகுப்பில் படியுங்கள். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை; விமானப் பயணமும் வேண்டியதில்லை; அடுத்த ஆண்டுக் காலஅட்டவணையில் வாரத்திற்கு ஒரு மணி நேரம் வேண்டும்.

மாநாட்டுக்குச் செல்லும் வாய்ப்புப் பெற்றவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். அடுத்தமுறை செல்லும்போது உங்கள் பையில் இந்த ஏடுகளுள் இரண்டேனும் இருக்கட்டும். மேடையில் வாசிக்க நேரம் கிடைக்காவிட்டால், இடைவேளையில் ஒரு கானா நாட்டு ஆசிரியரின் கையிலோ ஒரு பெரு நாட்டு ஆசிரியரின் கையிலோ அவற்றைக் கொடுத்துவிட்டு, அவரிடம் உள்ளதைக் கேட்டு வாங்கி வாருங்கள். அயல்நாட்டுப் பேராசிரியர்கள் உங்களிடம் வரும்போது, பொன்னாடை போர்த்தும் மேடையோடு அவர்களை அனுப்பிவிடாமல், மழையோ வெயிலோ, ஒரு முழு நாள் உங்கள் களப்பணி மேற்பார்வையாளரோடு நடக்கவிடுங்கள்.

வரும் மார்ச் மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை உலக சமூகப்பணி தினம். வழக்கமான ஊர்வலத்தையும் பேச்சுப் போட்டியையும் நீங்கள் நடத்துங்கள். ஆனால் அந்த நாளுக்கு முன்னதாக, உங்கள் துறையின் முதல் பத்து ஏடுகள் கடலைக் கடந்திருக்க வேண்டும் என்று உங்கள் ஒவ்வொருவரையும் கைகூப்பி வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்களோடு இத்தொழிலில் பங்குகொண்ட ஒரு பழைய ஆசிரியன்